ஓகியில் கடலும் குரங்கணியில் மலையும் கேட்ட ஒரே கேள்வி: ‘எங்கே இருக்கீங்க?’ - ஆபத்து சிக்னல் கருவி எப்படி வேலை செய்கிறது?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு வடமேற்கே உள்ள குரங்கணி மலையில் காட்டுத் தீ. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்தும் மலையேற்றத்துக்கு வந்திருந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் அதில் சிக்கினார்கள். கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். சுற்றிலும் ஆள் உயரக் காய்ந்த புல், செங்குத்தான சரிவு. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்தச் சம்பவத்தைத் தேனிக்காரர்கள் யாரும் மறக்கவில்லை.

அதற்குச் சுமார் நூறு நாட்களுக்கு முன்பு, 2017 நவம்பர் 30 அன்று, கன்னியாகுமரிக்குத் தெற்கே ஓகி புயல். பல நாள் தங்கலுக்காக ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி, கேரள மீனவர்கள் நூற்றுக்கணக்கில் காணாமல் போனார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில் கிறிஸ்துமஸ் வரைக்கும் ஆட்கள் கரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

ஒன்று மலை, ஒன்று கடல். இரண்டிலும் மீட்கப் போனவர்கள் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: ‘அவங்க இப்போ எங்கே இருக்காங்க?’

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே உலகம் முழுக்க ஒரு செயற்கைக்கோள் வலை இயங்குகிறது. கடலில் கப்பலுக்கும் வானில் விமானத்துக்கும் அது கட்டாயம். மலையில் நடப்பவருக்கும் அதே வலை வேலை செய்யும். ஆனால் நம்மில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அது என்ன, இந்தியாவில் யார் நடத்துகிறார்கள், ஏலக்காய் மலையில் அது எவ்வளவு தூரம் உதவும், எங்கே உதவாது என்பதைப் பார்க்கலாம்.

செல்போன் இருக்கும்போது தனிக் கருவி எதற்கு?

செல்போனுக்கு டவர் வேண்டும். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதுமே கடலில் டவர் கிடைக்காது. படகுகளில் இருக்கும் விஎச்எஃப் ரேடியோவும் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குத்தான் எட்டும். பூமி உருண்டை என்பதால் அதற்கு மேல் அலை வளைந்து போகாது. குமரி மாவட்ட மீனவர்கள் சுறா, சூரை தேடிப் போகும் இடமோ நூற்றுக்கணக்கான கடல் மைல்களுக்கு அப்பால். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். ஓகி வருவதாக எச்சரிக்கை வந்தபோது பல படகுகள் ஏற்கெனவே அங்கே இருந்தன. ‘திரும்பி வாங்க’ என்று சொல்ல வழியில்லை. ‘மூழ்குறோம்’ என்று சொல்ல அவர்களுக்கும் வழியில்லை.

மலையில் இதே கதை வேறு வடிவில் நடக்கிறது. போடிமெட்டு ஏறி கேரள எல்லைக்குள் போகும்போது தமிழ்நாட்டு டவர் விட்டு, கேரள டவர் பிடித்து, நடுவில் இரண்டும் இல்லாமல் போகும் இடங்கள் ஜீப்பில் தினமும் ஏலத் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு மனப்பாடம். ஒரு மேட்டில் நான்கு கோடு காட்டும் போன், அடுத்த வளைவில் ஒன்றுமே காட்டாது.

குரங்கணியில் சிலரால் செல்போனில் பேச முடிந்தது. ஆனால் பேசியவர்கள் வெளியூர்க்காரர்கள். எந்தச் சரிவு, எந்த ஓடை, எந்தப் பக்கம் என்று சொல்ல அவர்களுக்கு அந்த மலை பழக்கமில்லை. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை நேர்க்கோட்டில் பார்த்தால் சில கிலோமீட்டர்தான். ஆனால் அந்தச் சில கிலோமீட்டருக்குள் எத்தனை மடிப்பு, எத்தனை பள்ளம்!

பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும்?

ஆபத்து சிக்னல் கருவிகள் மூன்று வகை. கப்பலில், படகில் வைப்பது இபிஆர்பி. விமானத்தில் பொருத்துவது இஎல்டி. தனி ஆள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் அளவில் இருப்பது பிஎல்பி. பெயர்தான் வேறு வேறு, உள்ளே நடப்பது ஒன்றுதான்.

கருவியை இயக்கியதும் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சுமார் 50 விநாடிக்கு ஒருமுறை, அரை விநாடி நீளமுள்ள ஒரு சின்னத் துடிப்பை வானத்தை நோக்கி அனுப்பும். அதில் பேச்சு இருக்காது. அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண் இருக்கும். ஜிபிஎஸ் உள்ள கருவியாக இருந்தால் இருக்கும் இடமும் அதிலேயே போகும். எந்த நாட்டுக் கருவி என்பதும் அந்த எண்ணிலேயே அடங்கியிருக்கும். இந்தியாவுக்கான குறியீடு 419.

இந்தத் துடிப்பைக் கேட்பதற்குத்தான் காஸ்பஸ்-சார்சாட் என்ற சர்வதேச அமைப்பு. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில், 1979-இல், அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, பிரான்ஸ் நான்கும் சேர்ந்து கையெழுத்திட்ட திட்டம் இது. ஏவுகணைகளை ஒருவரை நோக்கி ஒருவர் திருப்பி வைத்திருந்த நாடுகள், காணாமல் போனவர்களைத் தேடுவதில் மட்டும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. முதல் செயற்கைக்கோளை 1982 ஜூனில் சோவியத் யூனியன் அனுப்பியது. அதே ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி முதல் மீட்பு.

அந்த முதல் மீட்பு நடந்தது கடலில் அல்ல. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைக்காட்டில் விழுந்த ஒரு சிறிய விமானத்தின் சிக்னலைத்தான் செயற்கைக்கோள் பிடித்துக் கொடுத்தது. விமானத்தில் இருந்த மூன்று பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். ‘இதெல்லாம் கப்பல்காரங்க சமாச்சாரம்’ என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதிலிருந்து இன்றுவரை 50,000-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட இந்த வலை உதவியிருக்கிறது.

ஜிபிஎஸ் இல்லாத கருவியை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

போடிமெட்டு மலைப்பாதையில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வருவதைக் கேட்டிருப்பீர்கள். நம்மை நோக்கி வரும்போது ஹாரன் சத்தம் கீச்சென்று இருக்கும். நம்மைத் தாண்டியதும் சட்டென்று இறங்கிவிடும். சத்தம் மாறுகிற அந்தக் கணம்தான் பஸ் நமக்கு மிக அருகில் இருக்கும் நேரம்.

இதே வித்தைதான் வானத்திலும். தாழ்வான சுற்றுப்பாதையில் பறக்கும் செயற்கைக்கோள், கருவியின் சிக்னல் அலைவரிசை எப்படி ஏறி இறங்குகிறது என்று அளக்கிறது. அதிலிருந்து கருவி இருக்கும் இடம் கணக்கிடப்படுகிறது. இதற்குப் பெயர் டாப்ளர் முறை.

ஆனால் இந்தக் கணக்கு சில கிலோமீட்டர் தள்ளிப் போகலாம். ஐந்து கிலோமீட்டர் வரை பிசகு இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. கடலில் அது பெரிய விஷயமில்லை. விமானம் ஒரு சுற்றுச் சுற்றினால் படகு தெரிந்துவிடும். மலையில் ஐந்து கிலோமீட்டர் என்றால் அது வேறொரு பள்ளத்தாக்கு, சில இடங்களில் வேறொரு மாநிலம். அதனால் மலைக்குப் போகிறவருக்கு ஜிபிஎஸ் உள்ள கருவிதான் பயன்படும். அதில் பிசகு சுமார் நூறு மீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும்.

இன்னொரு வகைச் செயற்கைக்கோள் பூமிக்கு 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். இந்தியாவின் இன்சாட்-3டிஆர், ஜிசாட்-17 ஆகியவற்றில் இந்த 406 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைப் பிடிக்கும் கருவி இருக்கிறது. இங்கே தென் தமிழ்நாட்டுக்கு ஒரு இயற்கை வசதி உண்டு. போடி இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 10 டிகிரி வடக்கே. அதனால் இந்தச் செயற்கைக்கோள்கள் நமக்குக் கிட்டத்தட்ட தலைக்கு மேலே நிற்கின்றன. ஐரோப்பாவில் அவை அடிவானத்தில் தாழ்ந்து இருக்கும், ஒரு மலை குறுக்கே வந்தாலே மறைந்துவிடும். குரங்கணிப் பள்ளத்தில் நிற்பவருக்கு மலை மறைப்பது குறைவு. மரம் மறைப்பதுதான் கவலை. ஏலச்செடிக்கு நிழல் தரும் பெரிய மரங்களின் அடர்ந்த கூரை சிக்னலைப் பலவீனமாக்கும். வானம் தெரியும் இடமாகப் பார்த்துக் கருவியை நிறுத்தி, ஏரியலை நேராக வைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இப்போது மூன்றாவது தலைமுறையாக, ஜிபிஎஸ், கலிலியோ போன்ற வழிகாட்டும் செயற்கைக்கோள்களிலேயே இந்தக் காதுகளைப் பொருத்திவிட்டார்கள். எந்த நேரத்திலும் பல செயற்கைக்கோள்கள் தலைக்கு மேலே இருப்பதால் சில நிமிடங்களில் இடம் தெரிந்துவிடும். ஐரோப்பாவின் கலிலியோ 2020 முதல் இன்னொரு வசதியும் தருகிறது. ‘உங்கள் சிக்னல் கிடைத்துவிட்டது’ என்று கருவிக்கே பதில் வரும், ஒரு சின்ன விளக்கு எரியும். இந்த விளக்கு ஏன் பெரிய விஷயம் என்பது கொஞ்சம் கீழே புரியும்.

இந்தியாவில் இந்தச் சிக்னலை யார் கேட்கிறார்கள்?

பெங்களூரில், இஸ்ரோவின் இஸ்ட்ராக் வளாகத்தில் இந்தியத் திட்டக் கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. பெங்களூரு, லக்னோ ஆகிய இரண்டு இடங்களில் சிக்னலை வாங்கும் தரை நிலையங்கள். இலங்கை, மாலத்தீவு, நேபாளம், பூடான், வங்கதேசம் உள்ளிட்ட நாடுகளுக்கும் சேர்த்து இந்த மையமே தகவல் அனுப்புகிறது.

சிக்னல் வந்ததும் அடையாள எண்ணை வைத்து யாருடைய கருவி என்று பார்க்கிறார்கள். கடல் என்றால் கடலோரக் காவல் படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குத் தகவல் போகும். சென்னை, மும்பை, போர்ட் பிளேர் என்று மூன்று மையங்கள். இந்தியா பொறுப்பேற்றிருக்கும் கடல் தேடல் பரப்பு சுமார் 46 லட்சம் சதுர கிலோமீட்டர், நாட்டின் நிலப்பரப்பைவிடப் பெரியது. விமானம் என்றால் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவில் உள்ள விமானத்துறை மீட்பு மையங்களுக்குப் போகும்.

உடனே ஹெலிகாப்டர் கிளம்பிவிடுமா? இல்லை. முதலில் போன் போகும். கருவியைப் பதிவு செய்யும்போது கொடுத்த எண்ணுக்கு அழைத்து, ‘உங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்காரா, எந்தப் பக்கம்?’ என்று கேட்பார்கள். காரணம், உலக அளவில் வரும் சிக்னல்களில் பெரும்பாலானவை தவறுதலாக வருபவை. துடைக்கும்போது கை பட்டது, குழந்தை அழுத்தியது, உடைக்கக் கொண்டுபோன பழைய கப்பலில் அப்படியே கிடந்தது என்று பல கதைகள். பதிவு செய்யாத கருவி என்றால் அந்த ஒரு போனையும் செய்ய முடியாது. கருவியை வாங்கிவிட்டுப் பதிவு செய்யாமல் வைத்திருப்பது, வீட்டுக்குப் பூட்டு வாங்கி மாட்டாமல் வைத்திருப்பது மாதிரிதான். இந்தியாவில் இந்தப் பதிவை பெங்களூரு மையமே செய்கிறது.

மீனவர்களுக்கு ‘டாட்’ என்று ஒன்று உண்டே?

உண்டு. இபிஆர்பி விலை அதிகம் என்பதால், சின்னப் படகுகளுக்காக இஸ்ரோவே உருவாக்கிய கருவி அது. ஆபத்து எச்சரிக்கை டிரான்ஸ்மிட்டர் என்பதன் சுருக்கமான ‘டாட்’ 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. 20,000-க்கும் மேற்பட்ட கருவிகள் படகுகளுக்குப் போயிருக்கின்றன. தீ, படகு மூழ்குவது, மருத்துவ உதவி என்று எந்த வகை ஆபத்து என்பதையும் தேர்ந்தெடுத்து அனுப்ப முடியும்.

அதில் ஒரு பெரிய குறை இருந்தது. அது ஒருவழிப் பாதை. அழுத்தியவருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள். ‘வர்றாங்க’ என்று தெரிந்தால் படகைவிட்டு விலகாமல் காத்திருப்பார். தெரியாவிட்டால் நீந்திப் பார்க்கலாம் என்று கிளம்பிவிடுவார். தேடுபவர்களுக்குக் கவிழ்ந்த படகு கண்ணில் படும், ஒற்றைத் தலை படாது.

இந்தக் குறையைச் சரிசெய்த இரண்டாம் தலைமுறை டாட் கருவியை இஸ்ரோ அறிமுகப்படுத்தி, 2024 ஜனவரியில் 24 மணி நேரச் சேவைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவின் சொந்த வழிகாட்டுச் செயற்கைக்கோள் வலையான நாவிக் வழியாகப் படகுக்குப் பதில் வரும். புயல் எச்சரிக்கை, மீன் கிடைக்கும் பகுதி பற்றிய தகவலும் வரும். புளூடூத் மூலம் செல்போனில் இணைத்துத் தாய்மொழியிலேயே படிக்கலாம். ஓகி சமயத்தில் ‘திரும்பி வாங்க’ என்று சொல்ல வழியில்லாமல் போனதே, அந்த ஓட்டையை அடைப்பதும் இதுதான்.

இது தவிர, ஒரு லட்சம் படகுகளில் இருவழித் தகவல் தரும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் மத்திய அரசுத் திட்டம் 2024 ஆகஸ்ட்டில் தொடங்கி வைக்கப்பட்டது. குமரி, ராமேஸ்வரம் பக்கம் படகுகளில் புதிதாகப் பொருத்தப்பட்ட பெட்டியைப் பார்த்தால் பெரும்பாலும் அதுதான்.

கருவி உண்மையில் காப்பாற்றியதற்கு நம்ம ஊர் உதாரணம்?

குரங்கணி சம்பவம் நடந்த அதே 2018-இல், செப்டம்பர் மாதம். இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் இருந்தார். தெற்கு இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து சுமார் 1,900 கடல் மைல் தூரத்தில், புயலில் அவரது ‘துரியா’ படகின் பாய்மரம் முறிந்தது. முதுகில் பலத்த அடி. எழுந்து நிற்கவே முடியவில்லை.

அவர் ஆபத்து சிக்னல் கருவியை இயக்கினார். செயற்கைக்கோள் வழியாகச் சில குறுஞ்செய்திகளையும் அனுப்ப முடிந்தது. நடக்க முடியாது, ஸ்ட்ரெச்சர் தேவைப்படலாம் என்பது அவற்றின் சாரம். ஆஸ்திரேலியாவின் கான்பெரா மையம் தேடலை ஒருங்கிணைத்தது. இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம் மொரீஷியஸிலிருந்து பறந்து போய்ப் படகைப் பார்த்தது. செப்டம்பர் 24-ஆம் தேதி ஓசிரிஸ் என்ற பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் அவரை மீட்டது.

எங்கே என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு கப்பல் போய்ச் சேர சுமார் மூன்று நாள் ஆனது. அவர் பிழைத்ததற்கு இடம் தெரிந்தது பாதிக் காரணம். அந்த மூன்று நாளும் படகு மிதந்துகொண்டே இருந்தது மீதிப் பாதி.

அப்படியானால் குரங்கணியில் இந்தக் கருவி இருந்திருந்தால்?

இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. தீ சரிவில் மேல்நோக்கி ஏறும்போது சமவெளியைவிட மிக வேகமாகப் போகும். கீழே எரியும் தீ மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துவிடுகிறது. மார்ச் மாதக் காய்ந்த புல்லில் அது மனிதன் ஓடும் வேகத்தைத் தாண்டிவிடும். அந்த முதல் சில நிமிடங்களில் எந்தச் செயற்கைக்கோளும் யாரையும் தூக்கிக்கொண்டு போய்விடாது. இதை மறைத்துக் கருவியைப் புகழ்வது நியாயமாக இருக்காது.

ஆனால் தீக்காயத்தோடு சரிவிலும் பாறை இடுக்கிலும் கிடந்தவர்களின் அடுத்த பல மணி நேரம் வேறு விஷயம். அவர்களிடம் முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் குரங்கணி, கொட்டகுடி பக்கத்து மலைவாசிகளும் தோட்டத் தொழிலாளர்களும், வனத்துறை, தீயணைப்பு, காவல்துறை ஆட்களும்தான். போர்வையில் தூளி கட்டி, டார்ச் வெளிச்சத்தில் ஆட்களைச் சுமந்து இறக்கினார்கள். கோயம்புத்தூர் அருகே உள்ள சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்களும், கருட் கமாண்டோக்களும் அனுப்பப்பட்டார்கள். இருட்டில், புகையில், அந்த மடிப்பு மலையில் ஹெலிகாப்டரால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. திங்கட்கிழமை காலை வெளிச்சம் வந்த பிறகுதான் வான்வழி மீட்பு முழுவீச்சில் நடந்தது.

அந்த இரவில் ஒவ்வொருவரும் எந்த இடத்தில் கிடக்கிறார்கள் என்று எண்களில் தெரிந்திருந்தால், தேடும் நேரம் சுமக்கும் நேரமாக மாறியிருக்கும். தீக்காயத்தில் முதல் சில மணி நேரத்துச் சிகிச்சைக்கு இருக்கும் மதிப்பை எந்த அரசு மருத்துவமனை டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

கடலில் ‘எங்கே’ என்பது தெரிந்தால் கப்பலைத் திருப்பிவிடலாம். மலையில் ‘எங்கே’ தெரிந்த பிறகும் ‘எப்படிப் போவது’ பாக்கி இருக்கிறது. அந்தப் பாக்கிக்கு அன்றைக்குப் பதில் சொன்னது இரண்டு காலும் ஒரு போர்வையும்தான்.

குரங்கணிக்குப் பிறகு என்ன மாறியது?

வருவாய்த்துறை முதன்மைச் செயலாளராக இருந்த அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது. அதே ஆண்டிலேயே வனப்பகுதி மலையேற்றத்துக்குத் தமிழ்நாடு அரசு தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவது குற்றம். 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கி, 40 பாதைகள் ஆன்லைன் பதிவுக்குத் திறக்கப்பட்டன. குரங்கணி - சாம்பலாறு பாதையும் அதில் ஒன்று. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார், தீ அபாயம் உள்ள கோடை மாதங்களில் பாதைகள் மூடப்படும். எந்தக் கருவியையும்விட இந்த இரண்டும் உடனடிப் பலன் தருபவை. யார் எங்கே போயிருக்கிறார்கள், எப்போது திரும்ப வேண்டும் என்ற கணக்கு கீழே ஒருவரிடம் இருக்கிறது, மேலே மலை தெரிந்த ஒருவர் கூட நிற்கிறார்.

காட்டுத் தீ பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்ளவும் ஒரு வழி உண்டு. செயற்கைக்கோள் பார்க்கும் தீப் புள்ளிகளை இந்திய வன ஆய்வு நிறுவனம் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. வனத்துறை மட்டுமல்ல, பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு உபயோகமான சேவை இது.

தனி ஆள் இந்தக் கருவியை வாங்கி எடுத்துப்போகலாமா?

இங்கே கவனம் தேவை. சாட்டிலைட் போன், செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கையடக்கக் கருவிகள் ஆகியவற்றைத் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருக்கக் கூடாது. வெளிநாட்டு யூடியூபர் வைத்திருக்கிறாரே என்று ஆன்லைனில் வரவழைத்தால் சிக்கல் நமக்குத்தான். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில், அப்படியொரு கருவி வைத்திருந்ததற்காகக் கனடாவைச் சேர்ந்த ஓட்டப் பந்தய வீராங்கனை ஒருவர் தடுத்து நிறுத்தப்பட்டு வழக்கைச் சந்திக்க நேர்ந்தது. பிஎல்பி இவற்றிலிருந்து வேறுபட்டது, அதில் பேசவோ எழுதவோ முடியாது. ஆனாலும் இந்தியக் குறியீட்டோடு, முறையான பதிவோடு இருந்தால்தான் அதற்கு அர்த்தம். ஐபோனில் 2022-இல் வந்த செயற்கைக்கோள் வழி அவசர உதவி வசதியை நம்பியும் போக வேண்டாம். அது முதலில் அமெரிக்கா, கனடாவில் தொடங்கி, பிறகு திறக்கப்பட்ட நாடுகளின் வரிசையில் இந்தியா இடம்பெறவில்லை.

இந்த மலைக்கு மேலே செயற்கைக்கோள் கருவியோடு திரிந்த ஒருவர் இருந்தார் என்றால் அது அரிக்கொம்பன் யானைதான். போடிமெட்டைத் தாண்டியதும் வரும் சின்னக்கானல் பகுதியில் 2023 ஏப்ரலில் பிடிக்கப்பட்டு, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டப்பட்டது. பெரியாறு காட்டில் விடப்பட்ட யானை கம்பம் டவுனுக்குள் வந்து நின்றது தேனி மாவட்டத்துக்கே தெரியும். காட்டு அடர்த்தியில் அந்தக் காலரிலிருந்தும் இடையிடையே சிக்னல் வராமல் போனது. யானையின் கழுத்தில் கட்டிய கருவிக்கே அந்த நிலை என்றால், பையின் அடியில் கிடக்கும் செல்போனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கருவி இல்லாதவர் இப்போதைக்கு என்ன செய்யலாம்?

டவர் இல்லாவிட்டாலும் செல்போனில் ஜிபிஎஸ் வேலை செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. இடம் காட்டும் எண்களைச் செயற்கைக்கோளிலிருந்து போன் நேரடியாகக் கணக்கிடுகிறது, டவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேப் செயலியில் நீல நிறப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் தசம எண்கள் இரண்டு வரும். குரங்கணிப் பக்கம் என்றால் முதல் எண் 10-இல் தொடங்கும், அடுத்தது 77-இல். அந்த இரண்டு எண்களும் மலைமேல் இருப்பவரின் முகவரி. கிளம்பும் முன்பே அந்தப் பகுதி மேப்பை போனில் இறக்கி வைத்துக்கொண்டால் டவர் இல்லாத இடத்திலும் திறக்கும்.

போன் கால் போகாத இடத்தில் குறுஞ்செய்தி சில நேரம் போய்விடும். பேச்சுக்குத் தொடர்ந்து சிக்னல் வேண்டும், எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு நொடி கிடைத்தால் போதும். எண்களை எஸ்எம்எஸ்ஸில் எழுதி இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிவிட்டு, பிறகு 112-க்கு முயற்சி செய்யலாம். 112-ஐ அழைக்கும்போது உங்கள் நிறுவனத்தின் டவர் இல்லாவிட்டாலும் வேறு நிறுவன டவர் வழியாக இணைப்பு கிடைக்க வாய்ப்புண்டு. கடலோரத்தில் இருப்பவர்கள் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணைப் போனில் சேமித்து வைக்கலாம். ஆபத்தில் இருப்பவர் அழைக்க முடியாவிட்டாலும், கரையில் காத்திருக்கும் குடும்பம் அழைக்கலாம்.

இடம் சொல்லிவிட்டால், முடிந்தவரை அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. தீ மட்டும் இதற்கு விதிவிலக்கு. தீ தெரிந்தால் சரிவில் மேல்நோக்கி ஓடாமல், புல் இல்லாத பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து முடிந்த கரி நிலம் என்று பார்த்து ஒதுங்க வேண்டும். நகர்ந்த பிறகு புதிய எண்களை மறுபடி அனுப்ப வேண்டும்.

தினமும் விடியும் முன்பே போடி, தேவாரம், கம்பம் பக்கங்களிலிருந்து ஜீப்பில் ஏலத் தோட்டங்களுக்கு ஏறும் தொழிலாளர்களுக்கு இந்த அட்டவணை எதிலும் இடமில்லை. அவர்கள் மலையேற்றப் பதிவிலும் வரமாட்டார்கள், மீனவர் திட்டத்திலும் வரமாட்டார்கள். மண் சரிவோ வண்டி விபத்தோ நடந்தால் முதல் தகவல் இன்றும் யாரோ ஒருவர் டவர் கிடைக்கும் மேடுவரை ஓடிப்போய்ச் சொல்வதுதான். படகுக்கு ஒன்று என்று கொடுக்க முடிந்த கருவியை, ஆள் ஏற்றிப் போகும் தோட்ட ஜீப்புக்கு ஒன்று என்று யோசிக்கத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. கடலில் கேட்கும் அதே செயற்கைக்கோள்தான் போடிமெட்டுக்கு மேலேயும் நிற்கிறது.